சேலத்துக் கொட்டாயில் நான் உட்கார்ந்தது

ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளித்து, அம்மனைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மலை இறங்கினேன். தோளில் ஒரு பலாப்பழம். மடியில் பாக்கு. வாடாமலிருக்க வாழைப்பட்டையில் சுற்றிய வெற்றிலை கையில். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் எங்கள் ஊருக்கு அந்த வருஷம் ராவுத்தரை அழைத்து வருவது என் முறை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுதியதில் தப்பிருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தப்பைத்தான் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் எல்லையில் ராவுத்தர் சாமி நிற்கிறார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆகையால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல் மேடை. அதன்மேல் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்த மண் உருவம். தலையில் பச்சைத் தலைப்பாகை. குதிரையோடு மலைக்கு வந்த ஒரு முசல்மான் வீரர், எந்தக் காலத்திலோ, ஊரைக் கொள்ளையிட வந்தவர்களைத் தனியாக மறித்து நின்று அந்த இடத்திலேயே உயிரை விட்டார் என்று சொல்வார்கள். அன்று முதல் எங்கள் அம்மனுக்கு எல்லைக் காவல் அவர்தான். அவருக்கு ஆடு கோழி கிடையாது. சர்க்கரை, சாம்பிராணி, ஒரு பச்சைத் துணி. வருஷத்துக்கு ஒருமுறை ராவுத்தர் ஒருவர் வந்து அவர் முன்னால் குரானிலிருந்து பாத்தியா ஓத வேண்டும். அது முடிந்த பிறகுதான் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டலாம்.

அழைக்கப் போகிறவன் வெற்றிலை பாக்கை அவர் கையில் வைத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "எங்க எல்லையில நிக்கறது உங்க ஆளு. வந்து பேசிட்டுப் போங்க." அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் வெற்றிலை கொடுத்தால் அழைப்புச் செல்லாது.

மிளகு வாங்க மட்டக்குதிரையில் மலைக்கு வருகிற பெரிய ராவுத்தர்தான் நாற்பது வருஷமாக ஓதினார். அவர் காலமான பிறகு, போன வருஷம் யார் போய் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டே இருந்து பூசை நின்றுபோயிற்று. அந்த வருஷம் ராகி பதராயிற்று, இரண்டு மாடு செத்தது. பூசை நின்றதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். "இந்தத் தடவை கையோட கூட்டிக்கிட்டு வரோணும். வெறுங்கையா வந்தீன்னா எல்லையில நின்னுக்க, ஊருக்குள்ள வராதே" என்று ஊர்க்கவுண்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை என்று நாள் வைத்தாகிவிட்டது.

பெரிய ராவுத்தரின் மகன் மைதீன் ராவுத்தர் சேலத்தில் ஜட்கா ஓட்டுகிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு. சின்னதில் அவர் அத்தாவோடு வந்து எங்கள் பலா மரத்தில் ஏறி, கட்டெறும்பு கடித்து அழுதவர். எங்கள் ஊரார் அவர்களை மாமன் மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். அவருக்கு நான் மாப்பிள்ளை.

அன்று பொழுது சாய்வதற்குள் அடிவாரத்துக் காரவள்ளி வந்து, தெரிந்த குடியானவர் வீட்டில் படுத்துக்கொண்டேன். மறுநாள் புதன்கிழமை பஸ். சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்கள். எங்கள் கொல்லன் துருத்திகூட இவ்வளவு இருமாது. ஒரு மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. ஏனுங்க பலாப்பழத்துக்காரரே, உங்களைத்தான். பழம் மட்டும் உக்காந்துக்கட்டும், அது டிக்கெட் எடுத்த மாதிரிதான் எடத்தை அடைச்சிருக்குது" என்றார் கண்டக்டர்.

தள்ளினோம். மேடு தாண்டியதும் பஸ்ஸுக்கு ரோஷம் வந்து பழத்தோடு ஓடிவிட்டது. நாங்கள் பின்னால் ஓடினோம். ஏறிப் பார்த்தால், பழம் உருண்டு முன்னால் இருந்த ஓர் அம்மாளின் காலடியில் கிடந்தது. "பழமா சாமி இது, பாறையா? என் கால் போச்சு" என்றார். ஒரு வாய் வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்துச் சமாதானம் சொன்னேன்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஜப்பான்காரன் குண்டு போட்டா எங்கீங்க ஓடுவீங்க?"

"கொல்லிமலைக்குத்தான். அவன் ஏறி வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிச் செத்துப் போயிருவான்."

"அங்க இருக்கிற மனுசங்களைப் பாத்தாலே ஓடிருவான்." இருவரும் சிரித்தார்கள்.

நான் மலைக்காரன் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

சேலத்தில் இறங்கியதும் குதிரை வாசனையைப் பிடித்துக்கொண்டே ஜட்கா நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். மைதீன் மச்சான் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். தாடியில் நரை விழுந்துவிட்டது. என்னைப் பார்க்குமுன் பழத்தைப் பார்த்தார்.

"பழம் வருதுன்னா பின்னாலயே மாப்ளையும் வருவாருன்னு அர்த்தம். ஏறுங்க ஏறுங்க. மலையில ஒரு எறும்பாச்சும் மிச்சம் வச்சிருக்கீங்களா?"

"உங்களைக் கடிச்ச எறும்பெல்லாம் செத்துப் போச்சுங்க மச்சான். இப்ப இருக்கறது அதுங்க பேரப்புள்ளைங்க."

அந்தக் குதிரை கிழட்டுக் குதிரை. பெயர் சுல்தான். சாட்டை அவர் கையில் இருந்ததே தவிர அதன்மேல் பட்டு நான் பார்க்கவில்லை. "போலாமா சுல்தான்" என்றால் போயிற்று. ஊரெல்லாம் ஒரே சத்தம். குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்காகப் பெண்கள் சண்டை போடுகிறார்கள். எங்கள் மலையில் தண்ணீர் சத்தம் போடும், மனிதர்கள் மெதுவாகப் பேசுவார்கள். இங்கே தலைகீழ்.

அவர் வீடு ஒரு சந்துக்குள். ஒரே அறை, பின்னால் சிறிய கொல்லை, அதில் பாதி குதிரைக்கு. அழைக்கப் போகிறவன் பூசை முடிகிற வரை விரதம் இருக்க வேண்டும், பிறர் பொங்கியதைச் சாப்பிடக் கூடாது. இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தயங்கிக்கொண்டு வந்தேன். கொல்லையில் போய்ப் பார்த்தால் மூன்று கல் கூட்டி அடுப்பு, கழுவிக் கவிழ்த்த புதுச் சட்டி ஒன்று, பக்கத்தில் விறகு, சாமை அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு.

மச்சானின் சம்சாரம் சபுரா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். "மாமா உசுரோட இருக்கையில சொல்லுவாங்கண்ணே. அழைக்க வர்றவங்களுக்குப் புதுச் சட்டி வாங்கி வைக்கோணும்னு. போன வருசமும் வாங்கி வச்சிருந்தேன். நீங்கதான் யாரும் வரல."

போன வருஷத்துச் சட்டியும் அங்கே சுவரோரம் கவிழ்ந்திருந்தது. அதில் ஒருநாளும் அவர்கள் ஒன்றும் பொங்கவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் ஊருக்காக முதல் தடவை வெட்கப்பட்டேன். எனக்காக வெட்கப்பட மறுநாள் பொழுது சாய வேண்டியிருந்தது.

வெற்றிலையை உடனே கொடுத்துவிடப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாங்கறதுதான் அத்தா வழக்கம். நாளைக்கு ஒருநாள் சும்மா இருங்க. சாயங்காலம் உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்றார் மச்சான்.

காட்டியது சினிமா. இங்கிலீஷ் படம், பழைய படம், ஊரூராகச் சுற்றிவிட்டு மறுபடி சேலம் வந்திருக்கிறதாம். எப்போதோ முன்காலத்தில் வெள்ளைக்கார ராஜாக்கள் கூடி, அவர்கள் சாமி பிறந்து இறந்த எருசலேமைப் பிடிக்கக் கடல் தாண்டிப் போய்ச் செய்த சிலுவைச் சண்டைக் கதை. அதெல்லாம் எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். மச்சானுக்கும் கதை ஒரு பொருட்டல்ல.

"ஆயிரம் குதிரை வருதாம் மாப்ளே. ஜட்காக்காரங்க எல்லாரும் பாத்துட்டானுங்க. அரபு நாட்டுக் குதிரையாம். நான் நடக்கிற குதிரையத்தான் பாத்திருக்கேன், அதும் கெழட்டுக் குதிரை. ஓடற குதிரையப் பாக்கோணும்."

விரதத்தில் சினிமாப் பார்க்கலாமா என்று எனக்குச் சந்தேகம். சாமி கதைதானே, யார் சாமியானால் என்ன என்று போனேன்.

தகரக் கூரை போட்ட கொட்டாய். தரையில் மணல். நானும் மச்சானும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். என் இடப்பக்கம் அவர். வலப்பக்கம் ஜிப்பா போட்டு மூக்குக்கண்ணாடி மாட்டிய ஒருவர், படித்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின்மேல் கையில் பிரம்போடு ஒருவர் ஏறி நின்றார். படம் இங்கிலீஷில் பேசப் பேச, அதைவிடப் பலமாக இவர் தமிழில் கதை சொன்னார்.

"இதோ வாராரு இங்கிலீஷ் ராசா. நெஞ்சில பாருங்க சிலுவை. பாவி துலுக்க ராசா கிட்டேருந்து புண்ணிய பூமியை மீக்கப் போறாரு."

கப்பல்கள் போயின. இரும்புச் சட்டை போட்டவர்கள் மண்டியிட்டு வாளைக் கும்பிட்டார்கள். பாதிரியார் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி அழுதார். எனக்கு அவர் பக்தி பிடித்திருந்தது. மச்சான் பொறுமையில்லாமல், "குதிரையக் கப்பல்ல ஏத்திட்டு வர்றானுங்களே, அதுக்குத் தண்ணி வச்சானுங்களா, பாருங்க" என்றார்.

பிறகு வெறும் மணல் காடு. மணல் மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து நின்றது. அதன்மேல் தலைப்பாகை கட்டிய ஒருவர். தலைப்பாகையின் துணி காற்றில் பறக்கிறது. கீழே வருகிற படையைத் தனியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குதிரை ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி வைத்திருந்தது.

அதே நிற்பு. எங்கள் எல்லையில் நிற்கிறவர் அப்படித்தான் நிற்கிறார், அவர் குதிரைக்கும் ஒரு முன்னங்கால் தூக்கித்தான் இருக்கும். நான் பிறந்ததிலிருந்து மண்ணாகப் பார்த்தவர் அங்கே மூச்சு விட்டார், கண் சிமிட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எழுந்து நின்றேன். தலைக்குமேல் கையைக் கூப்பி, "சாமி, ராவுத்தர் சாமி" என்று வாய்விட்டே சொன்னேன்.

"யோவ், உக்காருய்யா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், யாரோ மலைக்காரன்டா. துலுக்கனைக் கும்பிடறான் பாரு."

கொட்டாய் முழுவதும் சிரித்தது. ஸ்டூல்காரர்கூடக் கதையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஜிப்பாக்காரர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "பெரியவரே, அவன்தான் விரோதி. கும்பிடறதா இருந்தா சிலுவை வச்சிருக்கிற ராசாவைக் கும்பிடும். ஒண்ணும் தெரியாம எழுந்து நிக்கிறீரே" என்றார். நல்ல மனுஷர். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

காது இரண்டும் காந்தியது. அவர்களைப் பார்த்து, இவர் எங்கள் ஊர்க் காவல், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மாவாவது நின்றிருக்கலாம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சண்டை தொடங்கியது. ஏணி வைத்துக் கோட்டை ஏறுகிறார்கள், எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்கள், குதிரைகள் வெள்ளமாக வந்து மோதுகின்றன. கொட்டாயில் எல்லோரும் கத்தினார்கள். எனக்கும் கதை புரிந்துவிட்டது என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று, அவர்களைவிடப் பலமாகக் கத்தினேன்.

"வெட்டு, அந்தத் துலுக்கனை வெட்டு, விடாதே."

ஒருமுறை அல்ல. நாலைந்து முறை. ஜிப்பாக்காரர் என் முதுகில் தட்டி, "இப்பப் புரிஞ்சுதா" என்று சிரித்தார். அவர் தட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு ஆறாதது அந்தச் சந்தோஷம்தான். கத்தியதைக்கூட ஏதோ வெறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் இடப்பக்கம் மச்சான் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. குதிரைகளைப் பற்றி அவர் அதுவரை பேசிக்கொண்டே இருந்தார். இப்போது பேச்சில்லை.

திரையில் இங்கிலீஷ் ராஜாவின் குதிரை அடிபட்டு விழுந்தது. ராஜா தரையில் நின்று வாளைச் சுழற்றுகிறார். மணல் மேட்டிலிருந்து அந்தத் தலைப்பாகைக்காரர் அதைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சண்டைக்கு நடுவே ஒருவன் சேணம் போட்ட நல்ல குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து விரோதி ராஜாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். தரையில் நிற்கிறவனோடு குதிரைமேலிருந்து சண்டை போடுவது முறையில்லை என்று அனுப்பியிருக்கிறார்.

கொட்டாயில் சத்தம் நின்றுபோயிற்று. ஸ்டூல்காரர் பிரம்பைக் கீழே இறக்கினார். "இது வந்து, இது ராச தந்திரம்" என்றார். யாரும் கேட்கவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "போலாமா மாப்ளே" என்றார். சுல்தானைக் கேட்கிற அதே குரல்.

வீட்டில் சபுரா கேட்டாள், படம் எப்படி அண்ணே என்று. நான் வாயைத் திறப்பதற்குள், "குதிரை நல்லா இருந்துச்சு" என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சட்டியில் சாமை பொங்கினேன். சபுரா கறிவேப்பிலை கிள்ளி எட்டத்திலிருந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. மச்சான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். அவர் வருவதற்குள் ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஊருக்கு என்ன பதில் சொல்வது? பூசை நிற்கும், காப்புக் கட்ட முடியாது. அதைவிட, நான் இல்லாமல் வெற்றிலை மட்டும் அந்த வீட்டில் கிடக்கும், சுவரோரம் கிடந்த சட்டியைப் போல.

அவர் வந்து பாயில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்று, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். வார்த்தை வரவில்லை. எங்க எல்லையில என்று தொடங்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முந்தினநாள் அவ்வளவு பலமாகக் கத்திய அதே நாக்கு.

மச்சான் கையை நீட்டாமல் காத்திருந்தார். "சொல்லுங்க மாப்ளே. நிக்கறது யாரு?"

"எங்க எல்லையில..." என்றேன். மறுபடி தொடங்கினேன். "எங்க எல்லையில நிக்கறது உங்க ஆளு. வந்து பேசிட்டுப் போங்க."

"சரியாக் காதுல விழல. இன்னொருக்காச் சொல்லுங்க."

சின்ன அறை அது. குதிரை வாலை வீசுவதுகூடக் கேட்கும். இன்னொரு முறை சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினோம். திரும்பும்போது பஸ் எங்கும் நிற்கவில்லை. நின்றாலாவது இறங்கித் தள்ளலாம், அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது லேசு. சனிக்கிழமை காலையில் காரவள்ளியிலிருந்து மலை ஏறத் தொடங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால். ஜட்காவில் உட்கார்ந்தே பழகியவர், அடிக்கொருதரம் நின்றார்.

"எங்க அத்தா குதிரையில ஏறி வந்ததுக்கு அர்த்தம் இப்பத்தான் தெரியுது. ஏன் மாப்ளே, உங்க பாட்டன் முப்பாட்டனுக்கெல்லாம் கீழ எடமே கெடைக்கலயா?"

அவர் கேலி பேசப் பேச எனக்குப் பாரம் ஏறியது. பாதிக்குமேல் ஏறியபின் ஓர் ஓடை வரும். அங்கே அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது.

"மச்சான், கொட்டாயில நான் கத்துனது..."

அவர் திரும்பவில்லை. "கொட்டாயில எல்லாருந்தான் கத்துனாங்க. அத்தனை குரல்ல எனக்குத் தெரிஞ்ச குரல் ஒண்ணுதான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலில் அட்டை ஏறியிருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்க மச்சான்."

"புத்தி கெடல மாப்ளே. நல்லா வேலை செஞ்சுது. அதுக்கு முன்னால எந்திரிச்சு நின்னீங்களே, அப்பத்தான் கெட்டிருந்துச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்காந்தீங்க பாருங்க, அப்பவே தெளிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்குங்க வாரீங்க?"

"உங்களுக்காக வரல." என் காலிலிருந்த அட்டையைக் குச்சியால் தட்டிவிட்டார். "அங்க நிக்கறவரு ஒரு வருசமாப் பேசறதுக்கு ஆளில்லாம நிக்கறாரு. அத்தா இருந்தா விட்டிருப்பாரா? எந்திரிங்க, மழை வருது."

செம்மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாருங்க கூட, சேலத்து ஆளுங்களா?" என்றார். "எங்க மச்சானுங்க. எல்லைச் சாமிக்குப் பாத்தியா ஓத வாராருங்க" என்றேன். பக்கத்தில் ஒதுங்கியிருந்த நாலைந்து பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். மச்சான் மழையைப் பார்த்துக்கொண்டு, "இங்க நல்லாக் கத்தறீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முன்பகல் பூசை. எல்லைக் குதிரைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மச்சான் மேடைக்கு முன்னால் போய், பச்சைத் துணியைப் போர்த்தி, சாம்பிராணி போட்டார். அவர் ஓதும்போது ஊரார் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கேட்பதுதான் வழக்கம். ஆண்கள் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து என் சம்சாரம் பாவாயி மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, உக்காருங்க. மறைக்குது."

அதே வார்த்தை. மச்சானின் குரல் ஓதிக்கொண்டிருந்தது ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அது என் மனசாகவும் இருக்கலாம். நான் நின்றேன். ஊர்க்கவுண்டர் திரும்பி முறைத்தார். நான் நின்றேன். இதை எழுதும்போது பெருமையாக ஒன்றும் இல்லை. எங்கள் எல்லையில், எங்கள் சனத்துக்கு நடுவில், எங்கள் சாமிக்கு முன்னால் நிற்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? நிற்க வேண்டிய இடம் சேலத்தில் இருந்தது.

ஓதி முடித்து மச்சான் சர்க்கரைத் தட்டோடு வந்தார். அழைத்து வந்தவனுக்குத்தான் முதல் சர்க்கரை. என் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். எனக்கு அதை வாயில் போட வெகுநேரம் ஆயிற்று. கைச்சூட்டில் இளகி விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு நடக்கும்போது பாவாயி கேட்டாள். "அவ்வளவு சொல்லியும் நின்னீங்களே, வேண்டுதலுங்களா?"

"ஆமா, வேண்டுதல்" என்றேன்.

அது பொய். அவளிடம் நேரில் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் பக்கத்து மனிதர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அவளுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டால் நல்லது.